கூடாரமும் மந்தையும்: தென் ஈரானின் பாசெரி மேய்ச்சல் குடிகளின் வாழ்முறை

ஆய்வுச் சுருக்கம்

தென் ஈரானின் ஃபார்ஸ் மாகாணத்தில் ஆடு மேய்த்து வாழ்ந்த பாசெரி மக்களின் மரபுவழி வாழ்முறையை இக்கட்டுரை விளக்குகிறது. ஒரு குடும்பம் அச்சமூகத்தினுள் நிலைத்திருப்பதை அதன் மந்தையின் அளவே தீர்மானித்தது என்பதும், அம்மந்தையின் இருப்பு இடப்பெயர்வைச் சார்ந்திருந்தது என்பதும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதித் தரவுகளைக் கொண்டு எடுத்துரைக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பாசெரி, ஃபார்ஸ், இல்-ரா, கூடாரம், மந்தை, குடியமர்வு

முன்னுரை

'நாடோடி' என்னும் சொல் நிலையான இடமின்றித் திரிபவர் என்னும் பொருளையே முதலில் உணர்த்துகிறது. பாசெரி மக்களைப் பொறுத்தவரை அச்சொல் பாதி உண்மையையே கூறும். அவர்கள் ஆண்டுதோறும் ஒரே பாதையில், ஏறத்தாழ ஒரே காலவரிசையில் சென்று திரும்பினர். பாரசீக மொழி பேசும் இக்குடியினர் கம்சே என்னும் ஐங்குடிக் கூட்டமைப்பின் ஓர் உறுப்பாவர். காஷ்காய்க் குடிகளின் வலிமைக்கு எதிர்நிலையாக 1861-62இல் ஷிராஸ் நகரின் கவாம் குடும்பத் தலைமையில் அரசு அக்கூட்டமைப்பை உருவாக்கியது.

பாசெரி பற்றிய நம் அறிவுக்கு முதன்மைச் சான்றாக விளங்குவது நார்வே நாட்டு மானிடவியலாளர் ஃபிரெட்ரிக் பார்த் 1957-58இல் மேற்கொண்ட களப்பணியும், 1961இல் வெளிவந்த 'தென் பாரசீகத்தின் நாடோடிகள்' என்னும் நூலுமாகும். அன்று அவர்கள் சுமார் 3,000 கூடாரங்களில் வாழ்ந்தனர். மக்கள்தொகை ஏறத்தாழ 16,000. ஒரு குறுகிய காலத்தில் கண்ட நிலையையே பார்த் பதிவுசெய்தார் என்பதை மறந்து, அதனை மாறாத மரபாகக் கொள்வது பிழையாகும். இக்கட்டுரை இறந்தகாலத்தில் அமைவதற்கு அதுவே காரணம்.

குடியின் பாதை

தெற்கே லார் நகரை ஒட்டிய குன்றுகளிலிருந்து வடக்கே குஹ்-இ-புல் மலை வரை சுமார் 480 கிலோமீட்டர் நீளத்திற்குப் பாசெரியரின் நிலப்பகுதி ஒரு பட்டைபோல நீண்டிருந்தது. குளிர்காலத்தில் தெற்கின் வெப்ப நிலமான கர்ம்சிர், கோடையில் வடக்கின் குளிர் நிலமான சர்த்சிர் என்பது அவர்களது ஆண்டுச் சுழற்சி. வசந்த காலம் தொடங்கும் நவ்ரூஸ் திருநாளை ஒட்டி வடக்கு நோக்கிய பயணம் முழுவேகம் பெறும். தாழ்நிலப் புல் காயத் தொடங்குகையில் உயர்நிலத்துப் பனி உருகிப் புல் துளிர்க்கும். அத்துளிரைத் தொடர்ந்தே மந்தை நகர்ந்தது.

இப்பயண வழி 'இல்-ரா', அதாவது குடியின் பாதை, எனப்பட்டது. இது வெறும் தடமன்று, உரிமைகளின் தொகுதி. குறிப்பிட்ட காலத்தில் குறிப்பிட்ட வழியே செல்லவும், பயிரிடப்படாத நிலத்தில் மேய்க்கவும், தனியார் கிணறுகள் தவிர்ந்த பிற நீர்நிலைகளில் நீர் எடுக்கவும் குடிக்கு இருந்த வழக்குரிமையை அச்சொல் குறித்தது. ஒரே நிலத்தைப் பல குடிகள் வெவ்வேறு வாரங்களில் பயன்படுத்தியமையால் அவ்வுரிமையில் இடத்தைப் போலவே காலமும் அடங்கியிருந்தது. நிலத்தை வேலியிட்டு அளக்கும் சொத்துரிமைக் கருத்தால் இதனை எளிதில் விளங்கிக்கொள்ள இயலாது.

கூடாரமும் அதன் பொருளியலும்

வெள்ளாட்டு மயிரால் நெய்த கருங்கூடாரமே குடும்பம். கூடாரங்களின் எண்ணிக்கையே குடியின் கணக்கு. மகன் மணம்புரியும்போதே தந்தையின் மந்தையில் தனக்குரிய பங்கைப் பெற்றுத் தனிக் கூடாரம் அமைத்தான். தந்தை இறக்கும்வரை சொத்து காத்திருக்கவில்லை. மகளுக்கு மந்தையில் பங்கு தருவது வழக்கமாக இல்லை. இவ்வாறு ஒவ்வொரு கூடாரமும் தன் ஆட்டுக்கும் தன் நட்டத்திற்கும் தானே பொறுப்பான தனி அலகாயிற்று.

செம்மறியும் வெள்ளாடும் செல்வம். கழுதையும் ஒட்டகமும் சுமை தாங்கின. குதிரை ஆண்களின் ஊர்தி. நெடும்பயணத்தையும் பாறை நிலத்தையும் தாங்காமையால் மாடு வளர்க்கப்படவில்லை. பாலை அவர்கள் பச்சையாக அருந்துவதில்லை. கறந்தவுடன் சிறிது சூடேற்றி, முந்தைய தயிரால் உறை ஊற்றினர். தயிரை ஆட்டுத் தோற்பையிலிட்டு, முக்காலியில் தொங்கவிட்டுப் பெண்கள் ஆட்டிக் கடைந்தனர். வெண்ணெய் உருக்கப்பட்டு நெய்யாகச் சந்தைக்குச் சென்றது. மோர் அன்றாட உணவாயிற்று. எஞ்சிய தயிர்க்கட்டி வெயிலில் உலர்ந்து குளிர்காலத்திற்குச் சேமிப்பாயிற்று.

எனினும் பாசெரியர் பாலை மட்டும் உண்டு வாழ்ந்தவர் அல்லர். அன்றாட ரொட்டிக்குரிய கோதுமை மாவின் பெரும்பகுதியும் சர்க்கரை, தேயிலை, பேரீச்சம்பழம், துணி ஆகியனவும் ஊர்களிலிருந்தே வந்தன. அவற்றிற்கு ஈடாக நெய், கம்பளி, ஆட்டுத்தோல் ஆகியவற்றைக் கொடுத்தனர். ஊர் வணிகரிடம் கடனாக வாங்கி, நெய்யும் கம்பளியும் கிடைக்கும் பருவத்தில் தீர்ப்பதே பொதுவழக்கம். மேய்ச்சல் குடியைத் தன்னிறைவுடைய தனி உலகமாகக் காட்டும் எழுத்துக்களை இவ்விடத்தில் ஐயத்துடனேயே நோக்க வேண்டும்.

ஒவ்வொரு நாளும் ஒரு தீர்மானம்

ஓர் இடையன் சுமார் 400 ஆடுகள் வரை மேய்க்கக்கூடும். சராசரிக் கூடாரத்திற்கோ நூறு ஆடுகளே இருந்தன. எனவே இரண்டு முதல் ஐந்து கூடாரங்கள் தம் ஆடுகளை ஒரே மந்தையாக இணைத்தன. குளிர்காலத்தில் இச்சிறு குழுக்கள் தனித்தனியே பரவியிருந்தன. மற்றக் காலங்களில் பத்து முதல் நாற்பது கூடாரங்கள் சேர்ந்த முகாம்கள் அமைந்தன.

முகாமை ஒருங்கே நிறுத்திய ஆற்றல் எது என்பதே பார்த்தின் நூலில் மிக நுட்பமான பகுதி. வசந்தப் பயணத்தில் பெரும்பாலும் நாள்தோறும், நாளை புறப்படுவதா தங்குவதா, எவ்வழியே, எத்துணைத் தொலைவு என்று முடிவுசெய்ய வேண்டும். ஒரு நாள் தாமதம் புல்லை இழக்கச் செய்யலாம். ஒரு நாள் விரைவு இளங்குட்டிகளைக் கொல்லலாம். ஒவ்வொரு கூடாரத்தின் கணக்கும் வேறு. இணங்காதவர் மறுநாள் காலை கூடாரத்தைப் பிரித்து வேறு வழியே செல்லத் தடையில்லை. முகாம் தலைவருக்குக் கட்டாயப்படுத்தும் அதிகாரமின்மையால் உறவும் பேச்சும் விட்டுக்கொடுத்தலும் மட்டுமே அவரது கருவிகள். நேற்றைய இணக்கம் இன்றைக்குச் செல்லாது. முகாம் ஒவ்வொரு நாளும் புதிதாக ஒப்புக்கொள்ளப்பட வேண்டியிருந்தது.

இதற்கு முற்றிலும் மாறானது கானின் நிலை. குடித்தலைவரான கான் மேய்ச்சல் நிலங்களைப் பங்கிட்டார், தீராத வழக்குகளைத் தீர்த்தார், நிலவுடைமையாளரிடமும் அரசு அலுவலரிடமும் குடியின் சார்பாகப் பேசினார். இன்றிருந்து நாளை நீங்கும் மேய்ப்பர், ஊரில் நிலைத்த வேளாளருடன் நீதிமன்ற வழக்கு நடத்துதல் அரிது. அவ்விடைவெளியை நிரப்பியமையே கானின் ஆணைக்கு வலிமை தந்தது எனலாம்.

வெளியேறும் இரு வழிகள்

அறுபது ஆடுகளுக்குக் குறைந்த மந்தையால் ஒரு கூடாரம் வாழ்வது கடினம் எனப் பாசெரியர் கருதினர். நோயோ கடுங்குளிரோ மந்தையைக் குறைத்தால், குடும்பம் உணவுக்காகவும் கடனுக்காகவும் தாய் ஆடுகளையே விற்க நேரும், அடுத்த ஆண்டு குட்டிகள் குறையும், கடன் வளரும். இறுதியில் அக்குடும்பம் ஏதேனும் ஓர் ஊரில் கூலியாகத் தங்கிவிடும். மறுமுனையில், பெருமந்தை உடையவர் ஆடுகளைப் பிற இடையரிடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது. கண்காணிப்புக் குறைய இழப்பு மிகும். ஆகவே செல்வத்தை நிலமாக மாற்றினர். நிலம் வளர வளர, அதன் உடைமையாளர் ஊரிலேயே தங்கினர். வறியவர் ஒரு வழியாகவும் செல்வர் மறுவழியாகவும் நீங்க, நடுத்தரக் கூடாரங்களே குடியாக எஞ்சின. மேய்ச்சல் நிலத்தின் தாங்குதிறனுக்குள் மக்கள்தொகை நின்றமைக்கு இவ்விரு வழி வெளியேற்றமே காரணம் என்பது பார்த்தின் விளக்கம்.

ஆகவே குடியமர்வு பாசெரியருக்குப் புதிதன்று. 1930களில் ரெசா ஷா அரசு திணித்த குடியமர்வு வேறு தன்மையது. தனித்தனிக் குடும்பங்கள் தம் நிலைமைக்கேற்ப நீங்கியதற்கு மாறாக, மந்தையுடன் கூடிய முழுக்குடியும் ஓரிடத்தில் நிறுத்தப்பட்டது. இம்மந்தைகளோ கர்ம்சிரின் கோடையையும் சர்த்சிரின் குளிரையும் தாங்கும் இயல்புடையன அல்ல. ஆண்டு முழுவதும் ஓரிடத்தில் நிறுத்தினால் பத்தில் ஏழெட்டு ஆடுகள் மடியும் என்பது மேய்ப்பர் கணிப்பு. அரசு முன்னேற்றம் எனக் கருதிய நடவடிக்கை மந்தைகளை அழித்தது. 1941இல் ரெசா ஷா பதவி நீங்கியபின் பெரும்பாலோர் எஞ்சிய ஆடுகளுடன் இல்-ராவுக்குத் திரும்பினர். பார்த் கண்டது அவ்வாறு மீண்டெழுந்த குடியையே. அவரது நூல் வெளிவந்த ஈராண்டுகளுக்குள், 1963இல், ஈரானிய அரசு மேய்ச்சல் நிலங்களை நாட்டுடைமையாக்கியது. வழக்குரிமையாக இருந்த மேய்ச்சல் அதன்பின் அரசின் அனுமதியைச் சார்ந்ததாயிற்று.