பெட்டி காத்திருக்கும், பொழுது காத்திருக்காது

விடுமுறை நாளில் பிள்ளைகளை எங்கே கூட்டிப் போவது? எல்லா வீடுகளிலும் எழும் கேள்விதான் இது. இங்கிலாந்தின் தென்மேற்கே டெவன் பகுதியில் இதற்கொரு வேடிக்கையான விடை உண்டு. எவரோ ஒளித்து வைத்த சிறு பெட்டியைத் தேடி, குடும்பமாக டார்ட்மூர் மேட்டுநிலத்துக்குப் புறப்படுகிறார்கள். இவ்விளையாட்டின் பெயர் ஜியோகேஷிங்.

செய்மதி மூலம் இருப்பிடத்தைக் காட்டும் ஜீ.பீ.எஸ். தான் இதன் உயிர். பொதுமக்களின் கருவிகள் துல்லியமாகக் காட்டாதபடி இருந்த தடையை அமெரிக்க அரசு 2000 மே 2ஆம் திகதி நீக்கியது. மறுநாளே டேவ் அல்மர் என்பவர் ஒறிகன் மாநிலத்தில் ஒரு வாளியை மறைத்து வைத்து, அவ்விடத்தின் அகலாங்கு நெட்டாங்கை அறிவித்தார். இன்று கைத்தொலைபேசியே போதும். பெட்டிக்குள் ஒரு சிறு கொப்பியும் சில விளையாட்டுப் பொருட்களும் இருக்கும். கொப்பியில் பெயரை எழுத வேண்டும். ஒன்றை எடுத்தால் அதற்கு ஈடான ஒன்றை வைக்க வேண்டும். தின்பண்டம் வைக்கக் கூடாது. மணம் பிடித்து மிருகங்கள் வந்துவிடும்.

போத்தலில் தொடங்கிய வழக்கம்

டார்ட்மூருக்கு இது புதிதல்ல. 1854இல் சாக்ஃபோர்டைச் சேர்ந்த வழிகாட்டி ஜேம்ஸ் பெரட், கிரான்மியர் குளத்தருகே ஒரு போத்தலை வைத்தார். சிரமப்பட்டு அங்கு வந்தவர்கள் தமது பெயரட்டையை அதில் இட்டுச் சென்றனர். பின்னர் தபாலட்டை வைக்கும் வழக்கம் வந்தது. அடுத்து வருபவர் அதை எடுத்துச் சென்று தபாலில் சேர்ப்பார். குளம் என்பது இப்போது பெயரளவில்தான். அங்கிருப்பது நீர் வற்றிய கறுப்பு மண் பள்ளம். ஆனாலும் மக்கள் தேடிப் போகிறார்கள்.

போகும் வழி இலேசானதல்ல. ஓக்ஹம்ப்டனுக்கு 1972இல் நின்றுபோன அன்றாட ரயில் சேவை, 2021 நவம்பரில்தான் மீண்டும் ஆரம்பித்தது. ரயிலை விட்டு இறங்கியபின், நேர்கோட்டில் அளந்தாலே 8 கிலோமீற்றருக்கு மேல் நடக்க வேண்டும். கடைசித் தூரத்துக்குத் தெருவே இல்லை. காலை இழுக்கும் சேறும், திடீரென மூடும் பனிப்புகாரும் உண்டு. வடபகுதியில் இராணுவச் சூட்டுப் பயிற்சி நடைபெறும் நாட்களில் சிவப்புக் கொடி பறக்கும். அன்று எல்லைக்குள் நுழையக் கூடாது. கீழே கிடக்கும் உலோகப் பொருளைப் பிள்ளைகள் தொடவும் கூடாது.

தாய்மார் கவனத்துக்கு

ஒவ்வொரு பெட்டிக்கும் தேடுவதன் கடினம், நிலத்தின் கடினம் என இரண்டு அளவுகள் 1 முதல் 5 வரை கொடுக்கப்பட்டிருக்கும். சிறு பிள்ளைகள் இருந்தால் இரண்டிலும் குறைந்ததையே தெரிவு செய்யுங்கள். சூட்டுப் பயிற்சி நேரங்களை முன்கூட்டியே பாருங்கள். நல்ல சப்பாத்து, மழை அங்கி, தண்ணீர், மேலதிக உணவு, பேனை, கடதாசி வரைபடம், திசைகாட்டி ஆகியவை கட்டாயம். தொலைபேசிச் சமிக்ஞையை நம்பியிருக்க முடியாது. எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதை ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியம், திரும்பும் நேரத்தை வீட்டிலேயே தீர்மானிப்பது. "இன்னும் நூறு யார்தான்" என்று பிள்ளைகள் கெஞ்சும்போது புதிதாக முடிவெடுப்பது கடினம். புறப்படும் முன்னரே சொல்லியிருந்தால், அழுகையும் குறையும், ஆபத்தும் குறையும். பெட்டிக்குள் இருப்பது ஒரு கொப்பியும் ஒரு பொம்மைக் காரும்தான். அவை அடுத்த விடுமுறைக்கும் அங்கேயே இருக்கும். எடுத்த காரியத்தைப் பாதியில் விட்டுத் திரும்புவதும் ஒரு கெட்டித்தனம் என்பதைப் பிள்ளைகள் பழகிக்கொள்ள, இதைவிட நல்ல பயணம் கிடைப்பது அரிது.