மீன்பிடி படகில் கைகாவலாக ஒரு டேப்லெட் கணினி

வேராவல், போர்பந்தர், ஓகா முதலிய சௌராஷ்டிரத் துறைமுகங்களிலிருந்து புறப்படும் விசைப்படகுகள் இரண்டு, மூன்று வாரங்கள்கூடக் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கின்றன. படகை நடத்தும் பொறுப்பு ‘தண்டேல்’ எனப்படுபவருடையது. தமிழ்க் கடற்கரையில் வழங்கிவந்த ‘தண்டல்’ என்ற சொல்லும் இப்பொருளதே. சுக்கான் அறையில் அவர் கண்ணெதிரே ஜி.பி.எஸ். கருவி ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். படகு நிற்குமிடம், செல்லும் திசை, வேகம், முன்பு வலையிட்ட இடங்கள் ஆகியவற்றை அது காட்டுகிறது. அது பழுதுபட்டால் அடுத்து என்ன செய்வது என்பது பலரும் துறைமுகத்தில் எண்ணிப் பாராத கேள்வியாகும்.

மேற்குக் கடலில் இது வெறும் வசதி பற்றிய கேள்வியன்று. சர் கிரீக் பகுதி குறித்து இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையே உடன்பாடு ஏற்படாமையால், அதற்கு அப்பாலுள்ள கடல் எல்லையும் இருதரப்பும் ஏற்ற வகையில் வரையறுக்கப்படவில்லை. 2008ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி இரு நாடுகளும் ஆண்டுதோறும் ஜனவரி 1, ஜூலை 1 ஆகிய நாட்களில் தத்தம் காவலிலுள்ள மறுநாட்டுக் கைதிகள், மீனவர்கள் பட்டியல்களைப் பரிமாறிக்கொள்கின்றன. 2025 ஜனவரி 1ஆம் நாள் பாகிஸ்தான் அளித்த பட்டியலில், இந்தியர் எனவும் இந்தியராகக் கருதப்படுவோர் எனவும் 217 மீனவர்கள் இடம்பெற்றிருந்தனர். எல்லை கடப்போருள் மீனை நாடி அறிந்தே செல்வோர் உண்டு. அறியாது செல்வோரும் உண்டு. இயந்திரம் நின்ற படகு நீரோட்டத்தோடு மணிக்கு 2 கடல் மைல் வேகத்தில் இழுக்கப்படுமாயின், எட்டு மணி நேர இரவில் 16 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 30 கிலோமீட்டர், விலகிவிடும். விடியும்போது தாம் எங்கிருக்கிறோம் என்பதை அறிய வழியில்லாவிடில் திரும்பும் திசையைத் தீர்மானிப்பதும் அரிது.

படகில் ஏற்கனவே இருக்கும் டேப்லெட் கணினியோ பெரிய திரையுள்ள கைபேசியோ இங்குக் கைகொடுக்கக்கூடும். படம் பார்ப்பதற்கென்று வாங்கிய கருவியே இதற்கும் பயன்படுவதால் கூடுதற்செலவு சொற்பம். ஆனால் கருவி படகில் இருப்பது வேறு. அது மாற்றுத்துணையாக இருப்பது வேறு.

செயற்கைக்கோளும் கோபுரமும்

‘சிக்னல் இல்லாவிட்டால் ஜி.பி.எஸ். இல்லை’ என்ற எண்ணம் கடற்கரைகளில் பரவலாக உள்ளது. இது பாதி தவறு. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவருகின்றன. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் ஒலிபரப்பைக் கேட்டு, அது வந்துசேர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு, கருவி தன் இருப்பிடத்தைத் தானே கணித்துக்கொள்கிறது. கேட்பது மட்டுமே அதன் வேலை. அது எதையும் அனுப்புவதில்லை. கரையிலுள்ள கோபுரத்திற்கு இதில் பங்கில்லை. கோபுரத்தின் உதவி கிடைத்தால் முதற்கணிப்பு சில விநாடிகளில் முடியும். கிடைக்காவிடில் சில நிமிடங்கள் பிடிக்கும். இக்காத்திருப்பைக் கண்டு கருவி கெட்டுவிட்டதென முடிவுசெய்து அணைத்துவிடுவோர் பலர். திறந்த வானத்தின் கீழ் அசையாமல் சற்று நேரம் வைத்திருந்தால் போதும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை அவசியம். சிம் அட்டைக்கு இடமில்லாமல் வைஃபை மட்டுமே கொண்ட டேப்லெட்டுகள் சிலவற்றில் ஜி.பி.எஸ். உறுப்பே கிடையாது. நகரத்தில் அவை அருகிலுள்ள வைஃபை நிலையங்களைக் கொண்டு இடத்தைக் காட்டிவிடுகின்றன. வாங்குபவர் ஏமாறுவது இயல்பே. கடலில் அவை ஊமையாகிவிடும்.

இருப்பிடம் தெரிந்தாலும் அதைப் பொருத்திப் பார்க்க வரைபடம் வேண்டும். துறைமுகத்தில் இணையத்தொடர்போடு பார்த்த வரைபடம் கருவியில் பதிவாகிவிட்டது என்று நம்பலாகாது. மொபைல் டேட்டாவையும் வைஃபையையும் அணைத்துவிட்டு, செல்ல எண்ணும் மீன்பிடித் தளம் வரை திரையில் வரைபடம் தொடர்ந்து தெரிகிறதா என்று துறைமுகத்திலேயே சோதிக்கலாம். தெரிய வேண்டியதும் சாலை வரைபடமன்று. அதில் கடல் என்பது நீல நிறம் மட்டுமே. ஆழம், பாறை, மூழ்கிய கலம் ஆகியவை கடல் வரைபடத்திலேயே உண்டு. இந்தியக் கடற்பகுதிக்கான வரைபடங்களை, காகித வடிவிலும் மின்னணு வடிவிலும், டேராடூனிலுள்ள தேசிய நீர்ப்பரப்பியல் அலுவலகம் வெளியிடுகிறது. திரையை விரலால் எவ்வளவு பெரிதாக்கினாலும் அளவையின் நுட்பம் கூடுவதில்லை என்பதையும் நினைவிற்கொள்ளல் வேண்டும். 1:1,50,000 அளவில் வரையப்பட்ட படத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது 150 மீட்டர். அத்தகைய படத்தைப் பெரிதாக்கிப் பாறைக்கு இருபது மீட்டர் விலகிச் செல்வதாக நம்புவது ஆபத்தானது.

ஒரே பேட்டரி, இரண்டு கருவிகள்

மாற்றுத்துணையின் முதல் இலக்கணம், முதன்மைக் கருவி எக்காரணத்தால் நின்றதோ அக்காரணத்தால் தானும் நிற்காமலிருப்பதாகும். பொருத்தப்பட்ட ஜி.பி.எஸ். கருவி படகின் பேட்டரியை நம்பியது. பேட்டரி இயந்திரத்தை நம்பியது. இயந்திரம் நின்று, விளக்குகளும் நீரேற்றும் பம்பும் பேட்டரியைத் தீர்த்துவிட்டால் கருவியும் இருண்டுவிடும். டேப்லெட்டுக்குச் சொந்த பேட்டரி உண்டு என்பதே அதன் உண்மையான மதிப்பு. அந்த பேட்டரியை நள்ளிரவுக்குள் திரைப்படம் தின்றுவிட்டால் மதிப்பும் போயிற்று. தனி பவர் பேங்க் ஒன்றை முழுதும் ஏற்றி, பிறர் கைபடாமல் வைத்திருப்பது நலம். உப்புநீர் பட்ட திரை விரலின் தொடுகையைச் சரிவர உணர்வதில்லை. கடும் வெயிலில் கருவி சூடேறித் தானே அணைந்துவிடுவதும் உண்டு. நீர்புகாத ஒளிபுகும் உறையும் நிழலான இடமும் இவற்றுக்குப் போதிய மருந்தாகும். டேப்லெட்டினுள் உள்ள திசைகாட்டியை மட்டும் நம்பவே கூடாது. இயந்திரத்தின் இரும்பும், காந்தம் பொருத்திய உறையும் அதைத் திசை திருப்பிவிடும்.

அரசு வழங்கும் புதிய கருவிகளும் இத்திரையையே சார்ந்திருக்கின்றன. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் உருவானபோது ஆழ்கடலில் இருந்த மீனவர்களுக்குச் செய்தி எட்டவில்லை. கைபேசித் தொடர்பு கரையிலிருந்து 10, 12 கிலோமீட்டர் வரையே கிடைப்பது வழக்கம். இதன்பின் 2019இல் ஐதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையமும் விமான நிலைய ஆணையமும் ‘ஜெமினி’ என்னும் பெட்டியை அறிமுகப்படுத்தின. ககன் செயற்கைக்கோள் வழியாக வரும் புயல் எச்சரிக்கையை அப்பெட்டி பெற்று, புளூடூத் மூலம் கைபேசிக்குத் தருகிறது. இதில் படகிலிருந்து பதில் அனுப்ப இயலாது. 2024 ஆகஸ்டில் தொடங்கப்பெற்ற, ஏறத்தாழ 360 கோடி ரூபாய் மதிப்புள்ள திட்டத்தின்கீழ் ஒரு லட்சம் படகுகளுக்கு வழங்கப்படும் டிரான்ஸ்பாண்டர்கள் இருவழித் தொடர்பு கொண்டவை. இவற்றிலும் செய்தியைப் படிப்பது கைபேசித் திரையில்தான். இத்திட்டங்களின் முன்னேற்றத்தைப் பொருத்திய பெட்டிகளின் எண்ணிக்கையால் அளப்பது எளிது. மீன் இறங்குதளத்தில் அரைநாள் செலவிட்டு, இருட்டில், ஈரக்கையோடு, அதை இயக்கிக் காட்டச் சொல்வது கடினம்; ஆயினும் செலவிட்ட பணத்திற்குப் பயன் கிட்டியதா என்பது அங்கேதான் தெரியவரும்.

பேட்டரி வேறாயினும் இரண்டு கருவிகளும் கேட்கும் வானொலி அலை ஒன்றே. அதை யாரேனும் குழப்பினால் இரண்டும் சேர்ந்து பொய் சொல்லும். 2025 ஜூனில் ஹோர்முஸ் நீரிணைப் பகுதியில் பல கப்பல்களின் இருப்பிடக் கணிப்பு இவ்வாறு குலைந்தது. இதற்கு விடை மின்சாரம் தேவைப்படாதவற்றில்தான் உள்ளது. தென் கேரள மீனவர்கள் கரையிலுள்ள குன்றையும் தேவாலயக் கோபுரத்தையும் ஒரே நேர்கோட்டில் கண்டு, வேறொரு திசையில் அதுபோல் இன்னொரு கோட்டையும் பிடித்து, இரண்டும் வெட்டும் இடத்தைக் கொண்டு கடலடிப் பாரைக் கண்டறிவர். இம்முறைக்கு ‘கணிச்சம்’ என்று பெயர். கரை கண்ணுக்குத் தெரியும் தொலைவு வரையே இது செல்லும். அதற்கப்பால் சாதாரணக் காந்தத் திசைகாட்டியும், மணிக்கொருமுறை இருப்பிடம், திசை, வேகம் ஆகியவற்றைக் குறித்துவைக்கும் ஒரு நோட்டுப் புத்தகமும் வேண்டும். கடைசியாகக் குறித்த இடத்திலிருந்து 6 கடல் மைல் வேகத்தில் தெற்கே ஒரு மணி நேரம் வந்திருந்தால், படகு எங்கிருக்கும் என்பதைப் பென்சிலே சொல்லிவிடும்.

அந்நோட்டில் எண்களை எழுதும் முறையிலும் கவனம் தேவை. 21.50 பாகை என்று டேப்லெட் காட்டினால் அது 21 பாகை 30 கலை ஆகும். அதனை 21 பாகை 50 கலை என்று வயர்லெஸ்ஸில் வாசித்தால், தேடிவரும் கடலோரக் காவற்படைக் கப்பல் 20 கடல் மைல், அதாவது 37 கிலோமீட்டர், வடக்கே சென்று தேடும். பொருத்தப்பட்ட கருவி பாகை-கலை முறையிலும் டேப்லெட் தசம முறையிலும் காட்டுவது சாதாரணம். செயலியின் அமைப்புப் பக்கத்தில் இரண்டையும் ஒரே முறைக்கு மாற்றிவிடலாம். துறைமுகத்தில் இதற்கு ஒரு நிமிடம் போதும்.