ஓடித் திரியும் பிள்ளைக்கு வருத்தமா?

தகரக் கொட்டில் ஒன்றில் வாழும் தாயொருவர் தமது இரண்டரை வயது மகனை இடுப்பில் இறுக்கிப் பிடித்தபடி எம்மிடம் கேட்டார். "பாதர், இவனை ஒரு இடத்தில இருத்த ஏலாமக் கிடக்கு. தண்ணி வாளியைக் கவிழ்க்கிறான், அடுப்படிக்கு ஓடுறான், சொல்வழி கேக்கிறானில்லை. இது மூளை வருத்தம் எண்டு பக்கத்து ஆக்கள் சொல்லினம். உண்மையோ?" அவர் சொல்லி முடிக்குமுன் பிள்ளை நழுவி இறங்கி எமது சைக்கிள் பெடலைச் சுற்றத் தொடங்கிவிட்டான்.

மூத்த மகன் ஊரில் இந்த வயதில் எப்படி இருந்தான் என்று கேட்டோம். தாய் யோசித்துவிட்டுச் சிரித்தார். "அவனும் இப்பிடித்தான். ஆனா அங்கை வளவு இருந்தது. கோழியைக் கலைச்சுக்கொண்டு திரிவான். எங்களுக்கு அது பெரிசாத் தெரியேல்லை."

விடயத்தின் பாதி இந்தப் பதிலிலேயே இருக்கிறது. ஒரு வயது தொடக்கம் நான்கு வயது வரையான பிள்ளைகள் நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிடங்கள் உடலை அசைத்து விளையாட வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. அந்த மூன்று மணித்தியாலத்தையும் பத்தடி அறைக்குள் கழிக்கும் பிள்ளை வாளியைக் கவிழ்க்காமல் வேறென்ன செய்யும்? ஒரு விளையாட்டில் சில நிமிடங்களே நிலைப்பதும், மறுத்தால் நிலத்தில் புரண்டு அழுவதும் அந்த வயதின் இயல்பு.

ஆயினும் ஏ.டி.எச்.டி. என வைத்தியர்கள் குறிப்பிடும், அவதானம் குறைந்து துடிப்பு மிகுந்த கோளாறு உண்மையானதே. 1902ஆம் ஆண்டிலேயே ஜோர்ஜ் ஸ்ரில் என்ற சிறுவர் வைத்தியர் இத்தகைய பிள்ளைகளைப் பற்றி லண்டனில் விரிவுரை ஆற்றினார். இது வளர்ப்புப் பிழையால் வருவதன்று. பரம்பரைக்கு இதில் பெரும் பங்குண்டு. சீனி தின்பதாலும் வருவதில்லை. ஆனால் ஒருநாள் பார்த்துவிட்டுச் சொல்லக்கூடியதும் அன்று. அறிகுறிகள் ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். வீட்டில் மட்டுமன்றி முன்பள்ளி போன்ற வேறு இடத்திலும் காணப்பட வேண்டும். அதே வயதுப் பிள்ளைகளை விட மிகவும் கூடுதலாக இருந்து, பழகுவதையும் கற்பதையும் கெடுக்க வேண்டும். நான்கு வயதுக்கு முன்னர் இந்தப் பெயரைச் சூட்ட அனுபவமுள்ள வைத்தியரும் தயங்குவார்.

இடம்பெயர்ந்த குடும்பங்களில் இக்கோளாறு போலத் தோற்றமளிக்கும் வேறு காரணங்கள் பலவுண்டு. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 13 மணித்தியாலத் தூக்கம் வேண்டும். அயலின் இரைச்சலில் தூக்கம் கெட்ட பிள்ளை சோர்ந்து கிடப்பதற்குப் பதிலாகக் கூடுதலாகத் துள்ளும். இரத்தக் குறைவுள்ள பிள்ளை சிணுங்கும். எதிலும் மனம் ஊன்றாது. பயந்த பிள்ளை சிறு சத்தத்துக்கும் திடுக்கிடும், இரவில் அலறும், பகலில் அமைதியின்றித் திரியும். காதையும் பாருங்கள். சொல்வழி கேளாதவன் என்று அடி வாங்கிய ஒரு பிள்ளையின் காதில் சீழ் வடிந்துகொண்டிருந்ததை நாம் பிந்தியே கண்டோம். அவனுக்குச் சரியாகக் காது கேட்கவில்லை. அவனைக் கண்டித்தவர்களில் நாமும் இருந்தோம்.

சில அறிகுறிகளுக்குக் காத்திருக்கக் கூடாது. இரண்டு வயதாகியும் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசாத பிள்ளை, பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாத பிள்ளை, விரலால் எதையும் சுட்டிக் காட்டாத பிள்ளை, பேசிய சொற்களை இழந்துவிட்ட பிள்ளை ஆகியோரை உடனே குடும்பநல மாதுவிடம் காட்டுங்கள். வளர்ச்சிப் பதிவுக் கொப்பியையும் கொண்டு செல்லுங்கள்.

அடக்குவதற்காக இருமல் பாணியோ தூக்க மருந்தோ கொடுப்பது ஆபத்து. கோளாறு உறுதியானாலும், ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு முதலில் பரிந்துரைக்கப்படுவது குளிசையன்று, பெற்றோருக்கான பயிற்சியே. குனிந்து பிள்ளையின் முகம் பார்த்து, ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் சொல்லுங்கள். செய்ததும் பாராட்டுங்கள்.

இனி விளையாட்டுக்கு இடம் வேண்டும். இதை ஒரு குடும்பம் தனியே செய்ய ஏலாது. நாலைந்து தாய்மார் சேர்ந்து ஒரு மரத்தடியைக் கூட்டித் துப்புரவாக்கி, மணலும் சிரட்டையும் பழைய ரயரும் போட்டு, முறை வைத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம். தகப்பன்மாரும் ஒரு முறை எடுக்கட்டும். அருகில் கிணறு இருந்தால் அந்தப் பக்கத்தை முதலில் அடைத்துவிடுங்கள்.