பவுடருக்கு ஏது வாசனை?

டீ சூடாக இருக்கிறது, மெதுவாகக் குடியுங்கள் மாப்பிள்ளை. இங்கே கச்சிராயபாளையத்துக் கல்யாண வீட்டில் மல்லிகைக்கும் சந்தனத்துக்கும் நடுவே ஒரு பவுடர் வாசனை வருமே, நீங்கள் வாங்கிவந்த ஐரிஸ், வயலட் சென்ட்டிலும் அந்தச் சாயல்தான் அடிக்கிறது என்கிறீர்கள். சரிதான். ஆனால் பவுடர் என்பது மாக்கல் தூள். கல்லுக்கு ஏது வாசனை? ஐரோப்பாவில் முகப் பவுடரில் ஐரிஸ் கிழங்குத் தூளைக் கலந்தார்கள். தலைமுறை தலைமுறையாக முகர்ந்ததில் அதுவே பவுடரின் வாசனை என்று ஆகிவிட்டது.

ஆமாம், கிழங்குதான், பூவை யாரும் வடிப்பதில்லை. பார்வைக்கு வசம்பு மாதிரி இருக்கும். இத்தாலியில் டஸ்கனிப் பக்கம் விளைகிறது. தோண்டியதும் மணக்காது. தோல் சீவிக் காயவைத்து மூன்று, நான்கு வருடம் போட்டுவைத்தால்தான் உள்ளே ‘ஐரோன்’ ஊறும், மணம் அதனுடையது. வெட்டிய கரும்பு ஆலைக்குப் போக ஒரு நாள் தாமதமானாலே எடை போச்சே என்று பதறும் நம் ஊரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். அத்தனை காத்திருப்புக்கும் சேர்த்துத்தான் அதற்கு அவ்வளவு விலை.

1893இல் டீமான், க்ரூகர் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் ஐரோனைச் செயற்கையாகச் செய்யப் பார்த்தார்கள். கணக்கில் ஒரு கார்பன் அணு விட்டுப்போயிற்று. கிடைத்தது வேறொன்று: ‘அயனோன்’, அச்சு அசல் வயலட் வாசனை! வயலட் பூவிலிருந்து எடுத்தால் கட்டுப்படியாகாத மணம், அதன்பின் சோப்பு, உதட்டுச்சாயம் வரை இறங்கிவந்தது. 1906இல் பாரிஸின் கெர்லான் நிறுவனம் வெளியிட்ட ‘ஆப்ரே லோந்தே’ சென்ட் இந்த வகையில் பேர்போனது. அயனோனுக்கு மூலப்பொருள் எலுமிச்சைப்புல் எண்ணெயில் உள்ள சிட்ரல். அந்த எண்ணெய் கொச்சியிலிருந்து கப்பலேறியது. சீமை வாசனையில் மலையாளத்துப் புல்லும் இருந்திருக்கிறது, பாருங்கள்.

இப்போதைய பழவாசனைச் சென்ட்டுகள் வாசலிலேயே கையைப் பிடித்து இழுக்கும். இந்த ஐரிஸ், வயலட் வாசனை கொஞ்சம் குளிர்ச்சியாக, எட்டியே நிற்கும். எனக்குப் பிடித்தது அந்த ஒதுக்கம்தான். அந்நியமும் இல்லை, செண்பகப்பூவிலும், நீங்கள் குடிக்கும் இந்த டீயிலும் அயனோன் துளி உண்டு.

ஒன்று மட்டும். அயனோனை முகர்ந்த கொஞ்ச நேரத்தில் மூக்கு மரத்துவிடும். வாசனை போய்விட்டது என்று நினைப்பீர்கள், பிறகு திரும்ப வரும். அவசரப்பட்டு இன்னொரு முறை அடிக்காதீர்கள். அதில் ஒரு வகையை உணர்வது மரபணுவைப் பொறுத்தது; சிலருக்கு அது எட்டவே எட்டாது. அதனால் வீட்டில் ‘ஒன்றும் மணக்கவில்லையே’ என்று சொன்னால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.