ஒகெனைட் இழைக்கனிம மாதிரி: இயல்பும் விவரிப்பு நெறியும்

முன்னுரை

தக்காணப் பீடபூமியின் பசால்ட் பாறைக் குழிவுகளில் கிடைக்கும் கனிமங்களுள் ஒகெனைட் தனித்தன்மை உடையது. வெண்பஞ்சு உருண்டையை ஒத்த அதன் தோற்றம் சேகரிப்பாளர்களைப் பெரிதும் ஈர்க்கின்றது. எனினும், அது ‘சியோலைட்’ என்ற பொதுப்பெயராலேயே சுட்டப்படுவதும் உண்டு. அதனை முறையாக விவரிக்கும் நெறியை இக்கட்டுரை விளக்குகின்றது.

கனிமத்தின் இயல்பு

ஒகெனைட் நீரேறிய கால்சியம் சிலிகேட் ஆகும். செருமானிய இயற்கையியல் அறிஞர் லோரன்சு ஒகெனின் பெயரால் 1828-இல் இப்பெயர் வழங்கப்பட்டது. கிரீன்லாந்தின் டிஸ்கோ தீவே இதன் மூல இடம். இதன் கடினத்தன்மை மோ அளவில் 4.5 முதல் 5 வரை. ஆயினும், விரல் பட்ட அளவிலேயே இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் படிந்துவிடும், மீண்டும் நிமிரா. எனவே கடினத்தன்மை எண்ணைக் கொண்டு மாதிரியின் உறுதியை மதிப்பிடல் ஆகாது.

சியோலைட்டுகளின் கட்டமைப்பில் அலுமினியம் இடம்பெறும். ஒகெனைட்டுக்கு அஃது இன்றியமையாக் கூறன்று. ஆகவே இது சியோலைட் அன்று. தோற்றத்தில் நெருங்கிவரும் ஸ்கோலிசைட், மெசோலைட் ஆகியவற்றின் ஊசிகள் எளிதில் முறிவன; ஒகெனைட் இழைகளோ வளைவன. ஐயம் எழுமிடத்து, உதிர்ந்த இழைகளை எக்சு கதிர் விளிம்பு விளைவுச் சோதனைக்கு உட்படுத்துதல் தகும்.

உடனுறை படிகங்கள்

மும்பை, புணே வட்டாரக் கல்குவாரிகளின் மாதிரிகளில் குவார்ட்சு, கால்சைட், கைரோலைட், பிரெனைட், அபோஃபிலைட் ஆகியன ஒகெனைட்டுடன் காணப்படுகின்றன. ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வெளிப்பட்ட எரிமலைக்குழம்பு உறைந்தபின், பாறைக்குள் ஊடுருவிய வெந்நீர்க் கரைசல்களிலிருந்து இவை படிந்தன. ஒரு படிகத்தின் மீது அமர்ந்து வளர்ந்தது பொதுவாக அதற்குப் பிந்தியது. ஆதலால், எது எதன்மேல் அமர்ந்துள்ளது என்னும் குறிப்பு கனிமங்கள் தோன்றிய வரிசையை உணர்த்தும் சான்றாகும்.

விவரிப்பு நெறி

மாதிரியின் அளவு, இழையின் நீளம், உருண்டையின் விட்டம், உடனுறை படிகங்களின் வடிவமும் நிறமும், அடிப்பாறை, கிடைத்த குவாரி ஆகியன பதியப்பட வேண்டும். ஒகெனைட்டின் இயல்பு நிறம் வெண்மை. சில வேளைகளில் வெளிர்மஞ்சள் அல்லது வெளிர்நீலச் சாயல் தென்படும். அடர்ந்த நீலம், இளஞ்சிவப்பு போன்றவை சாயமேற்றப்பட்டமைக்கு அறிகுறிகள். பழுது நீக்கியிருப்பின் அதனையும் குறித்தல் வேண்டும்.

முடிவுரை

சாலைச் சல்லிக்காகப் பாறை உடைக்கப்படும்போது குழிவு சிதைகின்றது. குவாரி மூடப்பட்டால் அவ்விடத்திற்கு மீள இயலாது. அந்நிலையில் மாதிரியோடு இணைந்த குறிப்பே அதன் தோற்றச் சூழலுக்கு எஞ்சும் ஆவணம். குறிப்பினை இழந்த மாதிரி அழகுப்பொருளாகலாம். ஆய்வுச் சான்றாதல் அரிது.