ஸ்பிரேயர் பிடி மாற்றும்போது கவனியுங்கள்

பேட்டரி ஸ்பிரேயரின் பிடி உடைந்தால், கடையில் கிடைத்ததை வாங்கி மாட்டிவிடாதீர்கள். மருந்தடிக்கப் போடும் ரப்பர் கையுறையைக் கொண்டுபோய், போட்டுக்கொண்டே பிடித்துப் பாருங்கள். பிடி உள்ளங்கையில் அடங்கி, விரல்கள் எளிதாக விசையை எட்ட வேண்டும். எட்டாவிட்டால் பாதி வயலிலேயே கையுறையைக் கழற்றிவிடுவீர்கள். பிறகு மருந்து தோல் வழியே உடம்பில் ஏறும்.

விசையை அழுத்தியபடி நிறுத்தும் லாக்கைக் கட்டைவிரலாலேயே எடுக்க முடிகிறதா? வரப்பில் கால் வழுக்கினால் உடனே அடைக்க வேண்டுமே.

பழைய பிடியையும் எடுத்துச் செல்லுங்கள். ஓஸ், லான்ஸ் இரண்டின் மரையும் பொருந்த வேண்டும். மாட்டியதும் முதலில் வெறும் தண்ணீர் அடித்துப் பாருங்கள். விசையை விட்டபின்னும் சொட்டினால் வாஷரை மாற்றுங்கள். துணி சுற்றிச் சமாளிக்காதீர்கள். அந்தத் துணி மருந்தில் ஊறி நாள் முழுக்கக் கையிலேயே ஒட்டிக்கிடக்கும்.