கொடிமரத்தோடு நிற்கும் வெளிநாட்டு விருந்தாளி! வழிகாட்டும் கல்லூரி மாணவர் என்ன சொல்வார்?

திருச்செங்கோடு,

மலைக்கோவிலுக்கு 1,200 படிக்கு மேல் ஏற வேண்டும். வெளிநாட்டில் இருந்து வந்த விருந்தாளி வியர்த்துக் கொட்டி மேலே வருகிறார். கூட வருவது கல்லூரி மாணவர். கொடிமரத்துக்குப் பக்கத்தில், "இதுக்கு மேல உள்ளே போகக்கூடாதுங்க" என்று ஒரு குரல் தடுக்கிறது.

அந்த நிமிடத்தில் விருந்தாளி திரும்பிப் பார்ப்பது அர்த்தநாரீஸ்வரரை அல்ல, மாணவரைத்தான்!

பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டு விருந்தினரை வரவேற்று ஊர் சுற்றிக் காட்டும் மாணவ-மாணவிகளுக்கு "மாணவர் தூதர்" என்று பெயர். பட்டம் பெரிதாக இருக்கிறது. கையில் இருப்பது ஒரு அடையாள அட்டையும், தண்ணீர் பாட்டிலும்தான்.

வருகிறவர்கள் எத்தனை பேர்?

மத்திய அரசின் உயர்கல்வி கணக்கெடுப்பின்படி 2021-22ல் இந்தியாவில் படித்த வெளிநாட்டு மாணவர்கள் 46 ஆயிரத்து 878 பேர். 170 நாட்டினர். நேபாளத்துக்காரர்களே அதிகம். "வெளிநாட்டவர் என்றால் வெள்ளைக்காரர்" என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

2022 ஜூலை, ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் 44-வது செஸ் ஒலிம்பியாட் நடந்தது. 180 நாடுகளுக்கு மேல் வந்தன. 2023 ஜனவரி 31 முதல் பிப்ரவரி 2 வரை ஜி-20 கல்விக் குழுவின் முதல் கூட்டம் சென்னையில் நடந்தது. சென்னையில் என்றால் கார் நிற்கும், அதிகாரிகள் நிற்பார்கள். சின்ன ஊரில் எல்லாமே அந்த மாணவர்தான்.

கோர்ட்டு சொன்னது

பழனி கோவில் தொடர்பான வழக்கில், 2024 ஜனவரி 30-ந் தேதி ஐகோர்ட்டு மதுரை கிளை தீர்ப்புக் கூறியது. இந்து அல்லாதவர்கள் கொடிமரத்தைத் தாண்டக்கூடாது என்று அறிவிப்புப் பலகை வைக்கும்படி உத்தரவிட்டது. குறிப்பிட்ட சாமி மீது நம்பிக்கை வைத்துக் கும்பிட வருகிறவர் உறுதிமொழி எழுதிக் கொடுத்தால் அனுமதிக்கலாம் என்றும் சொன்னது.

இதை அடிவாரத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. 1,200 படி ஏறிய பிறகு சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது? உள்ளே போக முடியாவிட்டாலும் வழியில் பார்க்க நிறைய உண்டு. பாறையில் செதுக்கிய 60 அடி நாகம், மஞ்சளும் குங்குமமுமாகப் படுத்திருக்கிறது. வழக்கு வியாஜ்ஜியங்களை சத்தியம் செய்து தீர்த்துக்கொண்ட அறுபதாம்படி இருக்கிறது. "பொய்ச் சத்தியம் பண்ணினா என்ன ஆகும்?" என்று விருந்தாளி கட்டாயம் கேட்பார்.

சங்கடமான கேள்வி

இன்னொரு கேள்வியும் வரலாம். பெருமாள்முருகனின் "மாதொருபாகன்" நாவலை ஆங்கிலத்தில் படித்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. 2010-ல் வந்த அந்த நாவலுக்கு 2014 டிசம்பரில் இந்த ஊரில் எதிர்ப்புக் கிளம்பியது. பிரதிகள் கொளுத்தப்பட்டன. 2015 ஜனவரியில் கடையடைப்பு நடந்தது. எழுதுவதையே விட்டுவிடுவதாக அவர் அறிவித்தார். 2016 ஜூலை 5-ந் தேதி சென்னை ஐகோர்ட்டு அவர் பக்கம் தீர்ப்பளித்தது.

"அது இங்கேதானே நடந்தது?" என்று கேட்டால் மாணவர் மென்று விழுங்கக்கூடாது. நடந்ததைத் தேதியோடு சொல்லலாம். ஊர்க்காரர்கள் மனசு புண்பட்டதையும் சொல்லலாம், கோர்ட்டு சொன்னதையும் சொல்லலாம். மறைத்தால் விருந்தாளி வேறு யாரிடமாவது அரைகுறையாகக் கேட்டுக்கொண்டு போவார்.

புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்துக்குக் கூட்டிப் போனால் இந்தச் சங்கடமே கிடையாது. ராஜாஜி 1925-ல் தொடங்கியது. கல்கி அங்கே இருந்து வேலை பார்த்திருக்கிறார். கதர் நூற்பதைக் காட்டினாலே போதும்.

ராத்தங்கல் என்றால் போலீஸ்!

பாசத்தில் வீட்டுக்கு அழைத்துப் போகிற மாணவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். பாட்டி கையால் ஒருவேளை சாப்பாடு போட்டால் யாரும் கேட்கமாட்டார்கள். ராத்திரி தங்க வைத்தால் விஷயம் வேறு. விடுதியோ, வீடோ, வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் இணையம் வழியாகப் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். 180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் படிக்க வருகிறவர் 14 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். பழைய 1946-ம் ஆண்டு சட்டம் போய், 2025 செப்டம்பர் 1 முதல் புதுச் சட்டம் வந்துவிட்டது. கல்லூரிகளுக்கும் அதில் பொறுப்பு உண்டு.

இதைச் செய்யாமல் விட்டால் மாட்டிக்கொள்வது விருந்தாளி மட்டும் அல்ல, தங்க வைத்த குடும்பமும்தான்.

டீக்கடையில் தொல்லை

கடைசியாக டீக்கடை. "ஏனுங் தம்பி, இவிக எந்த ஊருங்க?" என்று அன்பாகத்தான் கேட்பார்கள். உடனே நாலு பேர் செல்போனை நீட்டிப் படம் எடுக்க நெருங்குவார்கள். விருந்தாளி பெண்ணாக இருந்தால் தோளில் கை போடப் பார்க்கும் ஆசாமிகளும் உண்டு. அங்கே மாணவர் தயங்காமல் குறுக்கே நிற்க வேண்டும். உள்ளூர்க்காரரிடம் "அண்ணா, வேண்டாங்கண்ணா" என்று தமிழில் சொல்ல அவரை விட்டால் அங்கே ஆள் இல்லை.

டீக்காசையும் பெரும்பாலும் அவரே கொடுத்துவிடுகிறார்.